ஃப்ரெண்ட்ஸோட ஒரு சம்மர் வீக்கெண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பிரியறது, நடுவுல ரெண்டு ராத்திரி, எல்லாரும் ஒரே இடத்துல, வெளிய நல்ல வெயில். இதத்தான் இங்க வீக்கெண்ட்னு சொல்றேன். யாராவது ஒருத்தரோட வீடா இருக்கலாம், வாடகைக்கு எடுத்த இடமா இருக்கலாம், டென்ட் கூட ஓகே. எங்க செட்ல ஆள் சேர்க்கிற வேலை பெரும்பாலும் என்கிட்டதான் வரும், எனக்கு அது ரொம்பப் பிடிச்ச வேலையும் கூட. அதனால திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்களுக்கு எனக்குத் தெரிஞ்சத எழுதி வைக்கறேன்.

எத்தன பேர கூப்பிடலாம்?

ஆறு பேர்ல இருந்து எட்டு பேர். ராபின் டன்பார்னு ஒரு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர், ஜனங்க கூட்டமா நின்னு எப்படிப் பேசறாங்கன்னு கவனிச்சு 1990கள்லயே எழுதினவர், ஒரு பேச்சுல நாலு பேர் வரைக்கும்தான் ஒண்ணா ஒட்டி இருக்க முடியும், அதுக்கு மேல ஆள் சேர்ந்தா கொஞ்ச நேரத்துல பேச்சு ரெண்டா பிரிஞ்சிடும்னு சொல்றார். அடுத்த தடவ கூடும்போது கவனிச்சுப் பாருங்க, அப்படியேதான் நடக்கும். ஏழெட்டு பேர் இருந்தா ரெண்டு வட்டம் உருவாகும், தண்ணி குடிக்க எழுந்து போனவங்க திரும்பி வந்து இன்னொரு வட்டத்துல உக்காருவாங்க, ரெண்டு நாள்ல எல்லாரும் எல்லாரோடயும் பேசியிருப்பாங்க. பன்னெண்டு பேருக்கு மேல போனா அது ஃபங்ஷன் ஆயிடும். யாராவது ஒருத்தர் நின்னு மேனேஜ் பண்ணியே ஆகணும், அவரோட வீக்கெண்ட் அதோட போச்சு. நாலே பேர்னாலும் அருமையா இருக்கும், கடைசி நேரத்துல ஒருத்தர் வரலைன்னாதான் கஷ்டம்.

எல்லாருக்கும் ஒத்து வர்ற தேதியே கிடைக்க மாட்டேங்குதே?

"எல்லாரும் எப்ப ஃப்ரீ?"னு குரூப்ல கேட்டா பதில் வராது, இல்லன்னா எல்லா தேதியும் வரும். ரெண்டே ரெண்டு வீக்கெண்ட் சொல்லுங்க, புதன்கிழமைக்குள்ள எதுன்னு சொல்லணும்னு கெடு வைங்க, அதிகம் பேர் சொன்னது எதுவோ அதுதான். வர முடியாதவங்க மனசு கஷ்டப்படுவாங்களேன்னு தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்தா சம்மரே முடிஞ்சிடும். அவங்களுக்குத் தனியா போன் பண்ணிப் பேசுங்க, அடுத்தத அவங்க தேதிக்கு வச்சுக்கலாம்.

பேச்சு விட்டுப்போய் வருஷக்கணக்கான ஃப்ரெண்ட திடீர்னு கூப்பிட்டா என்ன நினைப்பாங்க?

சந்தோஷப்படுவாங்க. 2022ல பெக்கி லியூவும் அவங்க கூட இருந்தவங்களும் பண்ண ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு, ரொம்ப நாளா தொடர்பு இல்லாத ஆளுக்கு ஒரு சின்ன மெசேஜோ ஒரு சின்ன பொருளோ அனுப்பினா அவங்க அத எவ்வளவு மதிப்பாங்கன்னு அனுப்பறவங்ககிட்ட கேட்டா எப்பவும் கம்மியாதான் சொல்றாங்க, வாங்கினவங்களுக்கு நிஜத்துல அதவிட அதிக சந்தோஷம். எதிர்பாக்காம வர்றது எந்த அளவுக்கோ அந்த அளவுக்கு சந்தோஷமும் கூட. அதனால யோசிக்காதீங்க. "இத்தன நாள் பேசாததுக்கு சாரி"ன்னு ஆரம்பிச்சு நீளமா எழுதவும் வேணாம். "டேய், இந்த சனி ஞாயிறு எல்லாரும் கூடறோம், நீ இல்லாம நல்லா இருக்காது, வந்துடு"ன்னு ஒரு வரி போதும். அந்த "டேய்"லயே பாதி தூரம் கடந்துடுவீங்க.

நாங்க அப்பப்ப காபிக்கு மீட் பண்ணிக்கறோம், அது பத்தாதா? ரெண்டு நாள் தங்கணுமா?

காபி நல்லதுதான், ஆனா இது வேற. கன்சாஸ் பல்கலைக்கழகத்துல ஜெஃப்ரி ஹால்னு ஒருத்தர் 2018ல ஒரு கணக்கு வெளியிட்டார். தெரிஞ்சவர்ங்கற நிலைல இருந்து சாதா ஃப்ரெண்ட் ஆக கிட்டத்தட்ட 50 மணி நேரம் சேர்ந்து இருக்கணும், நல்ல ஃப்ரெண்ட் ஆக 90, நெருங்கின ஃப்ரெண்ட் ஆக 200 மணி நேரத்துக்கு மேல. அதுலயும் ஆபீஸ்ல சேர்ந்து வேலை பார்த்த நேரத்துக்கு அவ்வளவு பலன் இல்ல, சும்மா உக்காந்து அரட்டை அடிக்கறது, விளையாடறது, சேர்ந்து டிவி பாக்கறது, இந்த நேரம்தான் ஒட்ட வைக்குது. இப்ப கணக்குப் போடுங்க. வாரத்துக்கு ஒரு மணி நேரம் காபின்னா 30 மணி நேரம் சேர ஏழு மாசம் ஆகும். ஒரு வீக்கெண்ட்ல, தூங்கற நேரத்தக் கழிச்சுட்டா கூட, அந்த 30 மணி நேரம் மொத்தமா கிடைச்சிடும். இன்னொண்ணும் இருக்கு. காபில எல்லாரும் குளிச்சு ரெடியாகி வந்த முகம். இங்க தூங்கி எழுந்த முகம், பசிச்ச முகம், விளையாட்டுல தோத்த முகம், எல்லாம் பாப்பீங்க.

புரோகிராம் எப்படி போடறது?

ஒரு நாளைக்கு ஒண்ணு. அவ்வளவுதான். சனிக்கிழமைக்கு ஒண்ணு, ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணு, அதுவும் காலைலயோ சாயங்காலமோ. ஆத்துல குளிக்கலாம், மலை ஏறலாம், பேட்மின்டன் ஆடலாம், பக்கத்துல ஒரு இடத்தப் பார்த்துட்டு வரலாம். மணிக்கு மணி அட்டவணை போட்டு "பத்தரைக்கு இங்க, பன்னெண்டுக்கு அங்க"ன்னு ஓட்டினா எல்லாரும் வண்டியில ஏறி இறங்கிக்கிட்டே இருப்பாங்க, யாரும் யாரோடயும் உக்காந்து பேசினதா இருக்காது. கிளம்பும்போது கேட்டா "நல்லா இருந்துச்சு"ன்னுதான் சொல்வாங்க, ஆனா அவங்க வேலைல என்ன பிரச்சனை, அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கு, எதுவும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

அப்ப மதியம் முழுக்க என்ன பண்றது? வெளிய தலை காட்ட முடியாதே?

இதுக்குத்தான் நான் ரொம்ப நேரமா காத்துக்கிட்டு இருந்தேன். அந்த மதியம்தான் வீக்கெண்டே.

எல்லாரும் பயப்படறது அந்த நேரத்த நினைச்சுத்தான், பதினொன்னரைல இருந்து நாலு வரைக்கும் என்ன பண்றது, போர் அடிக்குமே, ஏதாவது ஏற்பாடு பண்ணணுமேன்னு. ஒண்ணும் பண்ண வேணாம். மத்த நாள்ல நமக்குக் கிடைக்கவே கிடைக்காத ஒண்ண இந்த வெயில் இலவசமா குடுக்குது, எங்கயும் போக முடியாத நாலு மணி நேரம். கடைக்கு ஓடிட்டு வரேன்னு யாரும் எழுந்திருக்க முடியாது, ஒரு வேலை இருக்குன்னு சொல்ல முடியாது. திரைய இழுத்து விடுங்க, ஃபேனப் போடுங்க, பாய் தலகாணி எல்லாத்தயும் ஒரே ரூமுக்குக் கொண்டு வாங்க. ஒருத்தர் தூங்குவார். ஒருத்தர் புக் படிப்பார். ரெண்டு பேர் சீட்டாடுவாங்க. முதல் ஒரு மணி நேரம் பேச்சு மேலோட்டமா போகும், சினிமா, ஆபீஸ், யார் எங்க வீடு வாங்கினாங்க. அப்புறம் ஒரு அமைதி வரும். இந்த இடத்துல பதறி பாட்டு போட்டுடாதீங்க, விளையாட்டு ஆரம்பிக்கலாமான்னு கேக்காதீங்க, அத அப்படியே விட்டுடுங்க. விட்டத்தப் பார்த்துக்கிட்டு படுத்திருக்கிற யாராவது ஒருத்தர் "ஒரு விஷயம் சொல்லணும்னு நினைச்சேன்"னு ஆரம்பிப்பாங்க. காபி ஷாப்புல அது வராது, ஏன்னா அங்க அமைதி வந்தா பில் கேட்டுட்டுக் கிளம்பிடுவோம்.

அதனால சாயங்கால பிளான நாலரைக்கு மேல வைங்க, மதியத்துக்கு எதுவுமே வைக்காதீங்க. உங்க ஊர் சம்மர் மிதமா இருந்து மதியமும் வெளிய இருக்க முடியும்னாலும் ஒரு மர நிழல் தேடி இதையே பண்ணுங்க.

ஃபேன் ஓடினாலே போதுமா, சூடு தாங்குமா?

பெரும்பாலும் போதும். ஆனா ரூமுக்குள்ள 40 டிகிரி தாண்டிடுச்சுன்னா ஃபேன் காத்து உடம்பக் குளிர வைக்காது, சூட்ட ஏத்தும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. அப்ப ஈரத்துணியால உடம்பத் துடைச்சுக்கறது, குளிக்கறது, ஏசி இருக்கிற ஒரு ரூம்ல எல்லாரும் கூடிக்கறதுதான் வழி. காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடியே ஜன்னல் திரை எல்லாத்தயும் மூடி, ராத்திரி காத்து குளிர்ந்ததும் திறந்து விட்டா நல்ல வித்தியாசம் தெரியும்.

சமையல் யார் தலைல விழும்?

யார் தலைலயும் விழக்கூடாது. வேளைக்கு ரெண்டு பேர்னு ஜோடி போடுங்க, அவ்வளவா பழக்கம் இல்லாத ரெண்டு பேரச் சேர்த்து விடுங்க. என்ன சமைக்கறாங்கங்கறது அவங்க இஷ்டம், மத்தவங்க குறை சொல்லக்கூடாது. ஒரு வேளை வெளிய வாங்கிக்கலாம். முக்கியமா, வீட்டுக்காரங்களுக்கு முதல் ராத்திரியோட டூட்டி முடிஞ்சிடணும். வீடு அவங்களோடதுங்கறதுக்காக ரெண்டு நாளும் அடுப்படியிலயே நின்னா அவங்க ஃப்ரெண்ட்ஸ அவங்க பார்க்கவே இல்லன்னு அர்த்தம். யாருக்கு எது ஒத்துக்காது, யார் எது சாப்பிட மாட்டாங்கன்னு தேதி முடிவானதுமே கேட்டு வச்சுக்கோங்க, அலர்ஜி இருக்கறவங்க சாப்பிட உக்காந்த அப்புறம் சொல்ல சங்கடப்படுவாங்க.

பாத்திரம்? அதுலதான் எப்பவும் சண்டை வருது.

சண்டைக்குக் காரணம் பாதி நேரம் சோம்பேறித்தனம் இல்ல. 1979ல ராஸ், சிக்கோலின்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க புருஷன் பொண்டாட்டிங்ககிட்ட தனித்தனியா வீட்டு வேலைல உங்க பங்கு எவ்வளவுன்னு கேட்டாங்க, ரெண்டு பேர் சொன்னதையும் கூட்டினா பல வீட்ல மொத்தத்த தாண்டிடுச்சு. யாரும் பொய் சொல்லல. நாம தேய்ச்ச குக்கர் நமக்கு ஞாபகம் இருக்கும், அவங்க கூட்டின தரை ஞாபகம் இருக்காது. எட்டு பேர் இருக்கிற வீட்ல இத யோசிச்சுப் பாருங்க. அதனால சமைச்ச ஜோடி கழுவ வேணாம், அடுத்த வேளை ஜோடி கழுவணும்னு முன்னாடியே பேசி வச்சுடுங்க, யாரும் மனசுக்குள்ள கணக்கு வைக்க வேண்டி இருக்காது.

ஆனா ராத்திரி பாத்திரத்த மட்டும் நான் யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன். எல்லாரும் படுக்கப் போன அப்புறம் அடுப்படில ஒரு லைட், சிங்க்ல தண்ணி ஓடற சத்தம், ஒருத்தர் தேய்க்க ஒருத்தர் வாங்கி துடைச்சு அடுக்கணும். ரெண்டு பேர் கண்ணும் பாத்திரத்து மேலதான் இருக்கும், ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்க வேண்டியது இல்ல. நேருக்கு நேர் சொல்ல முடியாதது அங்க சொல்ல வரும். டம்ளர் எல்லாம் முடிஞ்சு கடைசியா அந்த அடிபிடிச்ச பாத்திரத்துக்கு வரும்போதுதான் பேச்சு சூடு பிடிச்சிருக்கும், அப்ப கழுவி முடிச்ச ஆள் குழாய மூடிட்டு ஈரக் கையோட அப்படியே மேடைல சாஞ்சு நின்னுக்குவாங்க. டிஷ்வாஷர் இருந்தாலும் நாலு பாத்திரத்த வெளிய எடுத்து வைங்கன்னு சொல்வேன்.

காசு எப்படி பிரிக்கறது?

தங்கற இடம், மளிகை, பெட்ரோல், இது எல்லாத்தயும் தலைக்கு சமமா பிரிங்க. செலவு பங்கு போடற ஆப் ஒண்ணுல அப்பப்ப ஏத்திடுங்க, ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள கணக்க முடிங்க. வெளிய போய் சாப்பிடும்போது மட்டும் அவங்கவங்க சாப்பிட்டதுக்கு அவங்கவங்க குடுக்கறது நல்லது. 2004ல கினீசிங்கற ஆராய்ச்சியாளரும் அவர் கூட ரெண்டு பேரும் ஒரு உணவகத்துல வச்சே சோதிச்சுப் பார்த்தாங்க, பில்ல சமமா பிரிக்கப் போறோம்னு தெரிஞ்சா ஜனங்க அதிகமா ஆர்டர் பண்றாங்க. அதுல கம்மியா சாப்பிட்டவர், குடிக்காதவர், வேலை இல்லாம இருக்கறவர் மாட்டிக்குவார், வெளியவும் சொல்ல மாட்டார். கூட்டத்துலயே யாருக்கு கை இறுக்கமா இருக்கோ அவங்க தாங்கற அளவுக்குத்தான் பட்ஜெட். அந்த ஆள் "வேலை இருக்கு, வரல"ன்னு சொன்னா பெரும்பாலும் வேலை காரணமா இருக்காது, இடத்த மாத்துங்க.

ஐஸ் பெட்டி வாங்கினோம், மதியத்துக்குள்ள எல்லாம் தண்ணியாயிடுது. என்ன பண்றது?

அடுக்கற விதத்துலதான் இருக்கு. முந்தின ராத்திரியே பெட்டிக்குள்ள கொஞ்சம் ஐஸ் போட்டு மூடி வைங்க, பெட்டி சுவரே முதல்ல குளிரணும், இல்லன்னா நீங்க போடற ஐஸ் பாதி பெட்டியக் குளிர வைக்கவே போயிடும். பாட்டில் எல்லாத்தயும் ஃப்ரிட்ஜ்ல வச்சு குளிர வச்சுட்டு அப்புறம் அடுக்குங்க. 1 கிலோ ஐஸ் முழுசா உருகினா 4 லிட்டர் தண்ணியோட சூட்ட 20 டிகிரி குறைக்கும், அவ்வளவுதான் அதோட சக்தி, வெதுவெதுன்னு இருக்கிற பத்து பாட்டில உள்ள வச்சா ஐஸ் அங்கயே தீர்ந்துடும். அடில பெரிய கட்டி ஐஸ், தண்ணி பாட்டில ஃப்ரீசர்ல உறைய வச்சு எடுத்தா அதுவே போதும், பெரிய கட்டி மெதுவாதான் உருகும். அதுக்கு மேல கெட்டுப்போற சாப்பாடு, இடுக்குல எல்லாம் சின்ன ஐஸ், மேல ஒரு ஈரத்துண்டு. குடிக்கற பாட்டிலுக்கு வேற பெட்டி வச்சுக்கோங்க, அதத்தான் நிமிஷத்துக்கு ஒருத்தர் திறப்பாங்க. ஒரு பாட்டில் அவசரமா சில்லுனு வேணும்னா ஐஸ்ல தண்ணி ஊத்தி கொஞ்சம் உப்பு போட்டு அதுக்குள்ள முக்குங்க, வெறும் ஐஸ்ல குத்தி வைக்கறதவிட வேகமா குளிரும்.

சமைச்ச சாப்பாடு எவ்வளவு நேரம் வெளிய இருக்கலாம்?

ரெண்டு மணி நேரம். வெளிய 32 டிகிரிக்கு மேல இருந்தா ஒரே மணி நேரம். 5 டிகிரில இருந்து 60 டிகிரி வரைக்கும் கிருமி வேகமா பெருகற சூடு, மோந்து பார்த்து கண்டுபிடிக்க முடியாது. மதியம் மிச்சமானத மேஜைலயே விட்டுட்டு சாயங்காலம் சூடு பண்ணி சாப்பிடற பழக்கம் வேணாம், மூடி போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க.

சன்ஸ்கிரீன் எல்லாம் தேவையா?

யூவி இன்டெக்ஸ், அதாவது வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிரோட அளவு, 3ஓ அதுக்கு மேலயோ இருந்தா தேவை, வானிலை ஆப்லயே காட்டும். எஸ்பிஎஃப் 30 யூவிபி கதிர்ல சுமார் 97 சதவீதத்த தடுக்கும், 50 சுமார் 98, அதனால பெரிய நம்பர் தேடி அலைய வேணாம், நிறைய தடவணும் அதுதான் முக்கியம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ, தண்ணில இறங்கி ஏறினா உடனே இன்னொரு தடவ. காது, பின்கழுத்து, கால் பாதம் மறந்துடும், ஒருத்தருக்கு ஒருத்தர் ஞாபகப்படுத்துங்க. கொசு மருந்தும் பூசணும்னா முதல்ல சன்ஸ்கிரீன், அது காஞ்ச அப்புறம் கொசு மருந்து.

வெயில்ல விளையாடி ஒருத்தர் சுருண்டு உக்காந்துட்டா?

தலைசுத்தல், வாந்தி வர்ற மாதிரி, நிறைய வேர்வைன்னா உடனே நிழலுக்குக் கூட்டிட்டுப் போய் காலத் தூக்கி படுக்க வச்சு ஈரத்துணி போட்டு கொஞ்சம் கொஞ்சமா குடிக்கக் குடுங்க. ஓஆர்எஸ் பாக்கெட் ரெண்டு பையில இருக்கட்டும். இல்லன்னா 1 லிட்டர் சுத்தமான தண்ணில தலைதட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பேச்சு குளறினாலோ, எங்க இருக்கோம்னே தெரியாம உளறினாலோ, மயங்கினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக், உடம்பு சூடு 40 டிகிரி தாண்டியிருக்கும். ஆம்புலன்ஸுக்கு ஒருத்தர் போன் பண்ணணும், மத்தவங்க அந்த நிமிஷமே உடம்பு முழுக்க குளிர்ந்த தண்ணிய ஊத்தி விசிறணும், ஆம்புலன்ஸ் வரட்டும்னு காத்திருக்கக்கூடாது. நினைவு சரியா இல்லாதவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க.

நிறுத்தின கார்ல குழந்தையையோ நாயையோ "அஞ்சு நிமிஷம்"னு விட்டுட்டுப் போகாதீங்க. வெயில்ல நிக்கிற காருக்குள்ள பத்து நிமிஷத்துலயே 10 டிகிரி வரைக்கும் சூடு ஏறிடும், கண்ணாடிய லேசா இறக்கி வச்சாலும் பெரிய பலன் கிடையாது.

ஆறு, ஏரி, கடல்னு இறங்கலாமா?

இறங்கலாம், ஆனா கரைல ஒருத்தர் எப்பவும் பார்த்துக்கிட்டே இருக்கணும், கைல போன் இல்லாம. முழுகறவங்க கத்துவாங்க, கை ஆட்டுவாங்கன்னு நினைக்கறோம், பெரும்பாலும் சத்தமே வராது, வாய் தண்ணி மட்டத்துல இருக்கிறப்ப மூச்சு விடவே நேரம் பத்தாது, கத்த எங்க முடியும். ஆழம் தெரியாத இடத்துல தலைகுப்புற பாயாதீங்க. கடல்ல உள்ள இழுக்கற நீரோட்டத்துல மாட்டினா கரைய நோக்கி எதிர்த்து நீந்தி களைச்சுப் போகாதீங்க, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அத விட்டு வெளிய வந்துட்டு அப்புறம் கரைக்குத் திரும்புங்க. நீச்சல் தெரியாத ஆள கிண்டல் பண்ணி இறக்காதீங்க, தண்ணில கால் நனைச்சுக்கிட்டு உக்காந்து பாக்கறதும் சந்தோஷம்தான்.

குடிக்கறவங்களும் குடிக்காதவங்களும் கலந்து இருந்தா?

ரெண்டு பேருக்கும் சரிசமமா ஏற்பாடு இருக்கணும். குடிக்காதவங்களுக்கு வெறும் தண்ணி பாட்டில நீட்டாதீங்க, அவங்களுக்கும் சில்லுனு நல்லதா ஏதாவது வாங்கி வைங்க. ஏன் குடிக்கலைன்னு கேக்கவே கேக்காதீங்க. மது உள்ள போனா தண்ணில இறங்கக்கூடாது, வண்டி சாவிய தொடக்கூடாது, இதுல விவாதத்துக்கே இடம் இல்ல.

டென்ட்ல தங்கறோம், ராத்திரி குளிர் காய கரி அடுப்ப உள்ள வச்சுக்கலாமா?

கூடவே கூடாது. அணைஞ்சு போன மாதிரி தெரியற கரில இருந்து கூட கார்பன் மோனாக்சைடு வரும், வாசனையே இருக்காது, தூக்கத்துலயே உயிர் போயிடும். ராத்திரி குளிரும்னா கம்பளி எடுத்துட்டுப் போங்க.

எல்லாரோட போனையும் வாங்கி வச்சுடலாமா?

வாங்கி வைக்கறதெல்லாம் ஸ்கூல்ல பண்றது, பெரியவங்ககிட்ட வேணாம், வீட்ல வயசானவங்களயோ குழந்தையயோ விட்டுட்டு வந்திருப்பாங்க. சாப்பாட்டு நேரத்துல மட்டும் பக்கத்து ரூம்ல சார்ஜ்ல போடலாம்னு சொல்லிப் பாருங்க, பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. போட்டோ எடுக்கற வேலைய ஆசையா எடுக்கற ஒருத்தர்கிட்ட குடுத்துட்டா மத்தவங்க கைக்கு ஓய்வு.

எனக்குக் கூச்சம், ரெண்டு நாள் கூட்டத்தோட இருந்தா களைச்சுப் போயிடுவேன். வரலாமா?

கண்டிப்பா வாங்க. தனியா ஒரு நடை போயிட்டு வர்றதுக்கோ ஒரு மணி நேரம் கதவ சாத்திக்கிட்டு படுக்கறதுக்கோ யார்கிட்டயும் காரணம் சொல்ல வேணாம், "கொஞ்ச நேரம் தனியா இருக்கேன்"னு சொன்னா போதும். கூப்பிடறவங்களுக்கு ஒரு வார்த்தை, தனியா போனவங்கள "ஏன் டல்லா இருக்க?"ன்னு துரத்தாதீங்க. இன்னொண்ணு, நாம பேசினது அவங்களுக்குப் பிடிச்சிருக்குமா இல்லையான்னு ராத்திரி படுத்துக்கிட்டு யோசிப்பீங்க. 2018ல வந்த ஒரு ஆராய்ச்சில, முதல் தடவ பேசிப் பழகினவங்க ரெண்டு பக்கமுமே, எதிர் ஆளுக்கு நம்மள நிஜமா பிடிச்ச அளவவிட கம்மியாதான் பிடிச்சிருக்கும்னு நினைச்சுக்கறாங்கன்னு தெரிய வந்துச்சு. அதனால அந்தக் கவலைய நம்பாதீங்க. யாரோட பார்ட்னராவோ புதுசா வந்திருக்கிறவங்களுக்கும் இதேதான், அவங்கள கூட்டிட்டு வந்தவர் முதல் ராத்திரி பக்கத்துலயே இருக்கணும், அதுக்கு அப்புறம் ஒரு வேலைய அவங்க கைல குடுத்து கூட்டத்துல விட்டுடலாம்.

குழந்தைங்கள கூட்டிட்டு வரலாமா?

எல்லாரும் சரின்னா தாராளமா. ஆனா அதே ரெண்டு அம்மாவே முழு நேரமும் பின்னாடி ஓடாம, குழந்தை இல்லாதவங்களும் ஆளுக்கு ஒரு மணி நேரம் பார்த்துக்கணும்.

பழைய கோபம் ஏதாவது வெளிய வந்து சண்டை ஆயிடுச்சுன்னா?

வரும். ஒரே இடத்துல ரெண்டு நாள், சூடு, சரியா இல்லாத தூக்கம், பழைய கதை, எல்லாம் சேருதில்ல. கூட்டத்துக்கு நடுவுல தீர்க்கப் பாக்காதீங்க, பார்க்கறவங்க இருந்தா ரெண்டு பேருமே இறங்கி வர மாட்டாங்க. முதல்ல சாப்பாடு, தண்ணி, தூக்கம். அப்புறம் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ரெண்டு பேரும் நடக்கப் போகட்டும், மத்தவங்க நியாயம் சொல்லாம இருந்தாலே பெரிய உதவி. பத்து மணிக்கு மேல பணம், அரசியல், யார் கல்யாணத்துக்கு யார் வரல, இதெல்லாம் ஆரம்பிக்காம இருக்கறதும் நல்லது. அப்படியும் சரியாகலைன்னா ஒருத்தர் ஒரு நாள் முன்னாடி கிளம்பறதுல தப்பே இல்ல, வழியனுப்பும்போது எல்லாரும் வாசலுக்கு வாங்க.

ராத்திரி என்ன பண்ணலாம்?

வெளிய போய் படுங்க. வடக்கு அரைக்கோளத்துல இருந்தீங்கன்னா ஆகஸ்ட் 12, 13 ராத்திரிய ஒட்டி வர்ற வீக்கெண்ட எடுங்க, பெர்சீட் எரிகல் மழை அப்பதான் உச்சத்துல இருக்கும், ஸ்விஃப்ட் டட்டில்ங்கற வால்மீன் விட்டுட்டுப் போன தூசி நம்ம காத்துல உரசி எரியறது அது. தெற்கு அரைக்கோளத்துக்காரங்களுக்கு சம்மரே டிசம்பர்ல, அவங்களுக்கு 13, 14 தேதி வாக்குல ஜெமினிட் வரும். டெலஸ்கோப் வேணாம். நிலா வெளிச்சமும் தெருவிளக்கும் இல்லாத இடமா பார்த்து விரிச்சுப் படுத்து, 20, 30 நிமிஷம் போனையே பாக்காம இருந்தா கண்ணு இருட்டுக்குப் பழகிடும். நள்ளிரவுக்கு மேலதான் அதிகமா விழும். முதல் எரிகல்லுக்கு எல்லாரும் "அதோ"ன்னு கத்துவாங்க, பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டாங்க, அப்புறம் யாருமே தூங்கப் போக மாட்டாங்க. பக்கத்துல வீடுங்க இருந்தா சத்தத்த மட்டும் பார்த்துக்கோங்க, முதல் நாளே போய் ஒரு ஹலோ சொல்லி வச்சா அவங்களும் பொறுத்துக்குவாங்க.

மழை வந்துட்டா எல்லாம் வேஸ்ட்தானே?

இல்லவே இல்ல. மதியத்துக்கு நான் சொன்னது நாள் பூரா நடக்கும்.

ஞாயித்துக்கிழமை எப்ப கிளம்பறது?

நாலஞ்சு மணிக்கு, எல்லாரும் ஒரே நேரத்துல. காலைல பத்து மணிக்கு ஒருத்தர், பன்னெண்டுக்கு ரெண்டு பேர்னு உதிர்ந்துக்கிட்டே போனா கடைசில வீட்டுக்காரர் மட்டும் குப்பைப் பையோட தனியா நிப்பார். டேனியல் கானிமன், 2002ல பொருளாதார நோபல் வாங்கின உளவியலாளர், நாம ஒரு அனுபவத்த ஞாபகம் வச்சுக்கறப்ப அதோட உச்சமும் முடிவும்தான் பெருசா நிக்குதுன்னு காட்டியிருக்கார். அதனால சுத்தம் பண்ற வேலைய காலை டிபனோட முடிச்சிடுங்க, எல்லாரும் சேர்ந்தா முக்கால் மணி நேரம், பாட்டு போட்டுக்கலாம். படுக்கை உறை உருவறது, ஃப்ரிட்ஜ காலி பண்றது, குப்பை கட்டறது, பாத்ரூம் கழுவறது, எல்லாம். மதியம் கடைசியா ஒரு தடவ உக்காந்து சாப்பிடுங்க, அங்கயே அடுத்த வீக்கெண்டுக்குத் தேதியப் போடுங்க, அந்த தடவ வேற ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கட்டும். எல்லாரும் பக்கத்துல இருக்கிற அந்த நேரத்துல பத்து நிமிஷத்துல முடிவாகறது, பிரிஞ்சு போயிட்டா மூணு மாசம் ஆனாலும் முடிவாகாது.

போய்ச் சேர்ந்த அப்புறம்?

"ரீச்டு"ன்னு ஒரு மெசேஜ், ராத்திரி வண்டி ஓட்டினவங்களுக்காக யாராவது முழிச்சுக்கிட்டு இருப்பாங்க. போட்டோ எல்லாத்தயும் ஒரே ஃபோல்டர்ல போடுங்க, யாரோட படமாவது அவங்களுக்குப் பிடிக்கலைன்னா கேள்வி கேக்காம எடுத்துடுங்க. அந்த மதியத்துல யாராவது மனசு விட்டு ஏதாவது சொல்லியிருந்தா அத குரூப்ல எடுக்காதீங்க, வாரத்துக்குள்ள அவங்களுக்குத் தனியா ஒரு போன் பண்ணி "அந்த விஷயம் என்ன ஆச்சு?"ன்னு கேளுங்க.